அடுத்த மருத்துவர் இல்லாத ஊரில்

படிப்பை முடித்துவிட்டுத் தொலைதூரச் சிற்றூர் ஒன்றின் சுகாதார நிலையத்தில் ஒரே மருத்துவராகப் பொறுப்பேற்கவிருக்கும் நீங்கள், கல்லூரியில் கற்ற மருத்துவ அறநெறிகள் அங்கே அப்படியே பொருந்துமா, எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விட்டுக்கொடுக்கவே கூடாது என்று கேட்டிருக்கிறீர்கள். நெறிகள் பொருந்தும் என்பதே என் விடை. ஆயினும் அவற்றை வகுத்தவர்களின் மனத்தில் ஒரு பெரிய மருத்துவமனை இருந்தது என்பதை அறிந்துகொண்டு போங்கள். நாம் கற்றவற்றுள் பெரும்பாலானவை, பக்கத்தில் இன்னொருவர் இருக்கிறார் என்ற எண்ணத்தின்மேல் நிற்கின்றன. தெரியாத சிகிச்சையைச் செய்யாதே, தெரிந்தவரிடம் அனுப்பு. நெருங்கியவர்களுக்கு நீயே மருத்துவம் பார்க்காதே, வேறு மருத்துவரைப் பார்க்கச் சொல். மனச்சாட்சி ஒப்பாத சிகிச்சையிலிருந்து ஒதுங்கிக்கொள், செய்பவரைக் காட்டு. களைத்திருக்கும்போது பணியை ஒப்படைத்துவிட்டுப் போ. இந்த வாக்கியங்கள் எல்லாவற்றிலும் கதவுக்கு அப்பால் ஒருவர் காத்து நிற்கிறார். நீங்கள் போகும் ஊரில் அந்தக் கதவைத் திறந்தால் வெட்டவெளிதான் தெரியும்.

இந்த எண்ணம் மிகப் பழையது. ஹிப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் கிரேக்க உறுதிமொழியிலேயே, கல் நோயால் துன்புறுவோரைக்கூடக் கத்தியால் அறுக்க மாட்டேன், அத்தொழிலில் தேர்ந்தவர்களுக்கு அதை விட்டுவிடுவேன் என்று ஒரு வாசகம் உண்டு. தன் திறமையின் எல்லையை அறிந்த ஒருவரின் பணிவு அதில் இருக்கிறது, அதை மதிக்கிறேன். ஆனால் அறுவை தெரிந்தவர் எட்டும் தூரத்தில் இருந்தால்தான் அந்த வாசகம் நோயாளியைக் காக்கும். அப்படி ஒருவர் இல்லாத இடத்தில் அது மருத்துவரை மட்டுமே காக்கும்.

உலக சுகாதார நிறுவனம் 2010ஆம் ஆண்டு வெளியிட்ட பரிந்துரைகளில் ஒரு கணக்கு இருந்தது. அன்று உலக மக்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஊரகங்களில் வாழ்ந்தார்கள். ஆனால் செவிலியரில் 38 விழுக்காட்டினரும், மருத்துவரில் கால் பங்குக்கும் குறைவானவர்களுமே அங்கே பணிபுரிந்தார்கள். இதற்கு நெடுநாள் முன்பே, வேல்ஸ் நாட்டின் சுரங்கத் தொழிலாளர் சிற்றூர் ஒன்றில் மருத்துவராக இருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட், 1971இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் இதன் சாரத்தைச் சொல்லிவிட்டார். தேவை எங்கே மிகுதியோ அங்கே நல்ல மருத்துவம் குறைவாகவும், தேவை எங்கே குறைவோ அங்கே மிகுதியாகவும் கிடைக்கிறது என்றார். மருத்துவம் சந்தையிடம் விடப்படும் அளவுக்கு இந்தக் கோணல் கூடுகிறது என்றும் எழுதினார். இதை ஏன் முதலிலேயே சொல்கிறேன் என்றால், நீங்கள் அங்கே எதிர்கொள்ளப்போகும் பல அறச்சிக்கல்கள் உங்கள் மேசைக்கு வருமுன்பே வேறு எங்கோ எடுக்கப்பட்ட முடிவுகளால் உருவானவை. அந்த முடிவுகளின் சுமை முழுவதையும் உங்கள் குற்றவுணர்வில் ஏற்றிக்கொள்ளக் கூடாது. அதேவேளை, அவற்றைச் சாக்காகக் காட்டி உங்கள் பங்கைத் தட்டிக்கழிக்கவும் முடியாது.

முதல் சிக்கல் திறமையின் எல்லை பற்றியது. நான் அறிந்தவரையில் இதுவே மிகக் கடுமையானதும் ஆகும். பாம்புக்கடியைக் கொண்டு விளக்குகிறேன். பாம்புக்கடியால் உலகில் ஆண்டுக்கு 81,000 முதல் 1,38,000 பேர்வரை இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது; உறுப்பை இழந்தோ வேறு வகையில் நிலையான ஊனமுற்றோ பிழைப்பவர்கள் ஏறத்தாழ அதைப்போல் மூன்று மடங்கு. ஊரக ஏழைகளின் நோயாக இருந்ததால் நெடுங்காலம் கவனிப்பாரற்றுக் கிடந்த இது, 2017இல்தான் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் முதன்மைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. இரவில் ஒருவரைத் தூக்கி வருகிறார்கள். உங்களிடம் நச்சுமுறி மருந்து இருக்கிறது. செயற்கைச் சுவாசக் கருவி இல்லை. தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள மருத்துவமனை மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கிறது. நச்சுமுறி மருந்தே கடும் ஒவ்வாமை அதிர்ச்சியை உண்டாக்கக்கூடும். மருந்தை ஏற்றி அவர் உங்கள் கையில் இறந்தால் கேள்வி உங்களிடம் வரும். ஏற்றாமல் வண்டியில் அனுப்பி அவர் வழியில் இறந்தால் எவரும் உங்களைக் கேட்க மாட்டார்கள். அந்த வேறுபாட்டில்தான் நம் தொழிலின் பெரிய சோதனை இருக்கிறது. அனுப்பிவிட்டேன் என்று பதிவேட்டில் எழுதுவது சட்டப்படி பிழையற்றதாக இருக்கலாம். ஆனால் நஞ்சு உடலில் பரவிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, கையில் இருந்த மருந்தைக் கொடுக்காமல் மூன்று மணி நேரத்தைச் செலவழிக்கச் செய்தோம் என்ற உண்மை அந்தப் பதிவால் மாறிவிடாது.

இங்கே துணிச்சலைப் பற்றிப் பேசுபவர்கள் உண்டு. அவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்த நிமிடத்துத் துணிச்சலால் நோயாளிகள் பிழைப்பதில்லை, அதற்கு முந்தைய மாதங்களில் செய்த ஆயத்தத்தால் பிழைக்கிறார்கள். ஒவ்வாமை அதிர்ச்சிக்கு முதல் மருந்து தொடைத் தசையில் போடும் அட்ரினலின். அது எந்தச் சிறு நிலையத்திலும் இருக்கக்கூடியது. இரத்தம் உறைகிறதா என்று அறிய ஒரு தூய கண்ணாடிக் குழாயும் இருபது நிமிடப் பொறுமையும் போதும். மூச்சுத் தசைகள் செயலிழந்தவருக்குக் கையால் அழுத்தும் காற்றுப்பையும் முகமூடியும் கொண்டு வண்டியில் வழிநெடுகக் காற்றூட்ட, ஒரு செவிலியருக்கோ உதவியாளருக்கோ முன்பே பயிற்சி கொடுத்து வைக்கலாம். ஆகவே அந்த அட்ரினலின் குப்பி காலாவதியாகிவிட்டதா என்று மாதந்தோறும் எடுத்துப் பார்ப்பதை நான் அறச்செயல் என்றே சொல்வேன். எனக்குத் தெரியாது என்பது முதல் நாளில் நேர்மையான சொல். அதே நோயோடு மக்கள் வந்துகொண்டே இருக்கும் ஊரில், இரண்டாம் ஆண்டிலும் அதையே சொன்னால் அது நேர்மை ஆகாது. திறமையின் எல்லைக்குள் நிற்பது கடமை என்றால், ஊரின் தேவையை நோக்கி அந்த எல்லையை நகர்த்திக்கொண்டே இருப்பதும் கடமைதான்.

ஒரு பணியை யார் செய்யலாம் என்ற கேள்வியும் இதனோடு பிணைந்தது. 1975இல் விடுதலை பெற்ற மொசாம்பிக்கில் மருத்துவர்கள் பெரும் எண்ணிக்கையில் வெளியேறிவிட்ட நிலையில், அந்நாடு 1984இல் மருத்துவர் அல்லாத பணியாளர்களுக்கு அறுவை சிகிச்சைப் பயிற்சி அளிக்கத் தொடங்கியது. மாவட்ட மருத்துவமனைகளில் சிசேரியன் உள்ளிட்ட அவசர அறுவைகளை அவர்கள் செய்தார்கள். இரண்டாம் தரச் சிகிச்சையை ஏழைகளுக்கு ஒதுக்குகிறீர்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அது எளிதில் தள்ளக்கூடியதும் அன்று. பின்னர் அவர்கள் செய்த சிசேரியன்களை மருத்துவர்கள் செய்தவற்றோடு ஒப்பிட்டபோது விளைவுகளில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. அதைவிட என்னைச் சிந்திக்க வைத்தது மற்றொரு செய்தி. மாவட்ட மருத்துவமனைகளில் பணியமர்த்தப்பட்டவர்களை ஏழு ஆண்டுகள் கழித்துத் தேடிப் பார்த்தபோது, இந்தப் பணியாளர்களில் பெரும்பாலோர் அங்கேயே இருந்தார்கள். மருத்துவர்களில் ஒருவர்கூட இல்லை. தரம் என்பதை ஒரு சிகிச்சையின் நேர்த்தியைக் கொண்டு மட்டும் அளந்து பழகிய நாம், அடுத்த ஆண்டும் அந்த ஆள் அங்கே இருப்பாரா என்பதையும் தரத்தில் சேர்த்து அளக்க வேண்டும் என்று அதிலிருந்துதான் கற்றுக்கொண்டேன். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. இத்தகைய பணியாளருக்கு முறையான பயிற்சியும், சட்டப் பாதுகாப்பும், சிக்கல் வந்தால் தொலைபேசியில் கிடைக்கும் ஒரு மூத்தவரும் இருக்க வேண்டும். இவை இல்லாமல், ஆள் இல்லை என்பதற்காக உதவியாளரை ஊசியோடு நிறுத்திவிட்டு மருத்துவர் தன் சொந்த ஊருக்குப் போய்விடுவது, ஏழைகளின் உடலை வைத்துச் சமாளிப்பதுதான்.

மேல்சிகிச்சைக்கு அனுப்புவது பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பேறுகாலத் தாய் இறப்புகளை ஆராய்ந்த செரீன் தடியஸ், டெபோரா மெய்ன் என்ற இருவர், 1994இல் மூன்று தாமதங்களை வகுத்துக் காட்டினார்கள். உதவி தேட முடிவெடுப்பதில் ஒன்று, மருத்துவமனையைச் சென்றடைவதில் ஒன்று, சென்றடைந்தபின் தகுந்த சிகிச்சை கிடைப்பதில் ஒன்று. சிற்றூர் மருத்துவர் இம்மூன்றின் நடுவிலும் நிற்கிறார். பெரிய மருத்துவமனைக்குப் போங்கள் என்று நீங்கள் சொல்வது உங்களுக்கு ஒரு வாக்கியம். அவர்களுக்கோ அது வண்டி, பணம், வீட்டில் விட்டுப்போகும் குழந்தைகள், இழக்கும் கூலி, தெரியாத நகரத்தில் யாரிடம் என்ன கேட்பது என்ற அச்சம் எல்லாம் சேர்ந்தது. ஆகவே அனுப்புவதற்குமுன், அனுப்பினால் உண்மையில் போவார்களா என்று கேட்டு அறிந்துகொள்ளுங்கள். போக மாட்டார்கள் என்றால், இங்கே செய்யக்கூடியதில் சிறந்ததை மறைக்காமல், இது முழுமையான சிகிச்சை ஆகாது என்று சொல்லியே செய்யுங்கள். போவார்கள் என்றால் அங்கே பணியில் இருப்பவரை நீங்களே அழைத்துப் பேசுங்கள்; என்ன கொடுத்தீர்கள், எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள் என்று எழுதிக் கொடுத்தனுப்புங்கள். ஒரு சீட்டும் ஒரு தொலைபேசி அழைப்பும் மூன்றாவது தாமதத்தைப் பெருமளவு குறைப்பதைப் பல முறை பார்த்திருக்கிறேன்.

அடுத்தது இரகசியம் காத்தல். நகரத்து மருத்துவமனையில் நோயாளிகள் ஒருவருக்கொருவர் அந்நியர்கள். அந்த அந்நியத்தன்மையே பாதி இரகசியத்தைக் காத்துவிடுகிறது. சிற்றூரில் பதிவேடு எழுதுபவர் நோயாளியின் உறவினராக இருப்பார். மருந்து எடுத்துக் கொடுப்பவர் பக்கத்து வீட்டுக்காரராக இருப்பார். நிலையத்தின் வாசலில் யாருடைய வண்டி எந்தக் கிழமை நிற்கிறது என்பதிலிருந்தே ஊர் நோயைக் கண்டுபிடித்துவிடும். காசநோய்க்கு ஒரு நாள், மனநலத்துக்கு ஒரு நாள் என்று பிரித்து வைப்பது நிருவாகத்துக்கு வசதி. அந்த நாளில் வரிசையில் நிற்பவருக்கோ அது நெற்றியில் ஒட்டிய சீட்டு. எல்லா நோய்க்கும் எல்லா நாளும் பார்ப்பது என்று மாற்றினாலே பலர் துணிந்து வருவார்கள். சுவர் மெல்லியதாக இருந்தால் பேசும் அறைக்கு வெளியே ஒரு மின்விசிறியையோ வானொலியையோ ஓடவிடலாம். பணியாளர்களிடம் இரகசியம் பற்றி ஆண்டுக்கு ஒருமுறை சொற்பொழிவு ஆற்றுவதைவிட, கோப்பின் மேலட்டையில் நோயின் பெயர் தெரியாமல் எண் மட்டும் இருக்கும்படி செய்வது அதிகம் பயன் தரும்.

நான் செய்த ஒரு தவறையும் சொல்ல வேண்டும். பணியேற்ற முதல் ஆண்டில், கடை வாசலில் நின்றுகொண்டிருந்த ஒருவரைப் பார்த்து, அக்கறையோடுதான், மாத்திரைகளை விடாமல் சாப்பிடுகிறீர்களா என்று கேட்டேன். அருகில் நான்கு பேர் இருந்தார்கள். என்ன மாத்திரை என்று அவர்களில் ஒருவர் கேட்டார். அவர் ஏதோ சொல்லிச் சமாளித்தார். அதன்பின் மூன்று மாதங்கள் நிலையத்துக்கு வரவில்லை. அவர் விட்டது காசநோய்க்கான சிகிச்சை. அதை நடுவில் விட்டால் மருந்துக்குக் கட்டுப்படாத நோயாக மாறக்கூடும். ஒரு சொல்லால் நான் அவருடைய நம்பிக்கையையும் அவர் வீட்டாரின் பாதுகாப்பையும் சேர்த்துக் குலைத்தேன். அன்றிலிருந்து நிலையத்துக்கு வெளியே யாரிடமும் உடல்நிலை பற்றி நானாகப் பேச்செடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். அவர்களாகவே தெருவில் நிறுத்திக் கேட்டால், நாளை வாருங்கள், உட்கார்ந்து பேசுவோம் என்பதே என் விடையாக இருந்தது. ஊரில் சிலர் இதைச் செருக்கு என்று எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பெயரைத் தாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

இதைவிடக் கடினமானது, இரு தரப்பும் உங்கள் நோயாளிகளாக இருக்கும் நிலை. கணவருக்குப் பால்வினை நோய் இருப்பதைக் கண்டறிகிறீர்கள். மனைவியிடம் சொல்லக் கூடாது என்கிறார். அடுத்த வாரம் அந்த மனைவியே கருவுற்றிருக்கிறாரா என்று பார்க்க உங்களிடம் வருகிறார். நகரத்தில் அவர் வேறொரு மருத்துவரிடம் போயிருப்பார். அந்த மருத்துவருக்கு இந்தச் செய்தி தெரிந்திருக்காது. இங்கே தெரிந்துகொண்டே அவர் முகத்தைப் பார்க்கிறீர்கள். நான் கடைப்பிடித்த வழி இது: கணவரிடம் ஒரு காலக்கெடு சொல்லி, அதற்குள் அவரே சொல்லட்டும் என்று வற்புறுத்துவேன், சொல்லும்போது உடனிருக்க நான் ஆயத்தம் என்பேன், மறுத்தால் சட்டம் எனக்கு அளித்திருக்கும் வழியில் மனைவியைக் காக்கும் நடவடிக்கை எடுப்பேன் என்பதையும் மறைக்காமல் அவரிடமே சொல்லிவிடுவேன். அதோடு, கருவுற்ற எல்லாப் பெண்களுக்கும் இந்தப் பரிசோதனைகளைச் செய்வது என்று நிலையத்தில் வழக்கப்படுத்திவிட்டால், தனியாக ஒருவர்மேல் ஐயம் விழாமலே அந்தப் பெண்ணுக்கு வேண்டியது கிடைத்துவிடும். இரகசியமும் உயிரும் ஒன்றோடொன்று மோதும் இடங்களில், பாதி மோதலை இத்தகைய பொது வழக்கங்களாலேயே தவிர்க்கலாம் என்பது என் அனுபவம்.

வலிப்பு நோய் உள்ள ஓட்டுநர் இதற்கு நேர் எதிரான உதாரணம். அவர் ஓட்டுவது ஊருக்கு வரும் ஒரே பேருந்து. வாகனம் ஓட்டத் தகுதியில்லை என்று எழுதினால் ஒரு குடும்பத்தின் வருமானமும் ஊரின் போக்குவரத்தும் நிற்கும். காரணம் நீங்கள் என்று அனைவருக்கும் தெரியும். இதில் எனக்குத் தயக்கம் இல்லை. பயணிகளின் உயிர் பெரிது, எழுதத்தான் வேண்டும். ஆனால் எழுதிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளக் கூடாது. மருந்தால் வலிப்பு அடங்கி, சட்டம் வகுத்த காலம் கழிந்தால் அவர் மீண்டும் ஓட்ட முடியும் என்பதை விளக்குவதும், அதுவரை அதே நிறுவனத்தில் வேறு வேலை கேட்டுப் பார்க்க அவருக்குத் துணை நிற்பதும் அந்தச் சான்றிதழின் தொடர்ச்சியே.

ஒப்புதல் பற்றிச் சொல்லும்போது, நோயாளி தானே முடிவெடுக்க வேண்டும் என்ற நெறி உலகெங்கும் ஊரகச் சமூகங்களில் குடும்பத்தின் பெரியவரைச் சந்திக்கிறது. அறுவை வேண்டுமா என்று பெண்ணிடம் கேட்டால் விடை அவருடைய மாமியாரிடமிருந்தோ கணவரிடமிருந்தோ வருகிறது. குடும்பத்தை ஒதுக்கிவைக்க முயலும் இளம் மருத்துவர்களைப் பார்த்திருக்கிறேன். அது பெரும்பாலும் அந்தப் பெண்ணுக்கே தீங்காக முடிகிறது, ஏனெனில் சிகிச்சைக்குப்பின் அவர் திரும்பிப் போவது அந்த வீட்டுக்குத்தான். குடும்பத்தோடு பேசுங்கள், ஆனால் ஒவ்வொரு நோயாளியையும் சில நிமிடங்களாவது தனியே சந்திப்பதை மாற்றமில்லாத விதியாக வைத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் பொதுவான விதி என்றால் எவரும் ஐயப்பட மாட்டார்கள். அந்தத் தனிமையில், நீங்கள் குடும்பத்தோடு கலந்து முடிவெடுக்க விரும்புகிறீர்களா என்று கேட்டு, ஆம் என்றால் அதுவே அவருடைய முடிவு. இல்லை என்றால் நீங்கள் அவர் பக்கம் நிற்க வேண்டியவர். மறுப்பும் அப்படியே. நகரத்தில் சிகிச்சையை மறுத்துக் கையெழுத்திட்டுப் போனவரை நீங்கள் மறுபடி பார்க்கப்போவதில்லை. இங்கே மறுநாள் காலையில் கிணற்றடியில் பார்ப்பீர்கள். மறுத்தவர் வெட்கமின்றித் திரும்பி வரும்படி வழியைத் திறந்து வைப்பது, அவருடைய மறுப்பை மதிப்பதன் பகுதியாகும்.

மனச்சாட்சியின்படி ஒதுங்கிக்கொள்ளும் உரிமை பற்றி என் கருத்து கடுமையானது. எல்லோரும் ஒப்ப மாட்டார்கள் என்றும் அறிவேன். கருத்தடை போன்ற சட்டப்படியான சேவைகளை வழங்க மனம் ஒப்பாத மருத்துவர், பத்து மருத்துவர்கள் உள்ள இடத்தில் ஒதுங்கினால் நோயாளி அடுத்த அறைக்குப் போகிறார். ஒரே மருத்துவர் ஒதுங்கினால் அது ஓர் ஊருக்கே விதிக்கப்பட்ட தடை. அத்தகைய மறுப்பு உங்களுக்கு இருக்குமானால், பணியை ஏற்குமுன்பே அதை வெளிப்படையாகச் சொல்லி, அந்தச் சேவைக்கு நாள் குறித்து வேறொருவர் வர ஏற்பாடு செய்யுங்கள். அது முடியாதென்றால் வேறு பணியிடத்தைத் தேடுவதே நேர்மை.

தனியாக இருப்பதால் மக்கள் உங்கள்மேல் வைக்கும் நம்பிக்கை அளவற்றதாக இருக்கும். அது எப்படியெல்லாம் தீமைக்குப் பயன்படும் என்பதற்கு, அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் டஸ்கீகி நகரைச் சுற்றியுள்ள மேக்கன் கவுண்டியில் நடந்ததை நீங்கள் மறக்கக் கூடாது. 1932இல் தொடங்கி, அந்நாட்டின் பொது சுகாதாரத் துறை, மேகநோய் (சிபிலிஸ்) கண்ட 399 கறுப்பின ஆண்களையும் நோயற்ற 201 பேரையும் நாற்பது ஆண்டுகள் சிகிச்சையின்றிக் கண்காணித்தது. பெரும்பாலோர் ஏழை உழவர்கள். கெட்ட இரத்தத்துக்கு மருத்துவம் என்று அவர்களிடம் சொல்லப்பட்டது. 1940களில் பெனிசிலின் நோயைக் குணப்படுத்தும் என்று உறுதியான பிறகும் அது மறுக்கப்பட்டது. சுற்றுவட்டார மருத்துவர்களிடம் பெயர்ப்பட்டியல் கொடுத்து, இவர்களுக்குச் சிகிச்சை அளிக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்கள். அதாவது, இருந்த சில இன்னொருவர்களின் கதவையும் அடைத்தார்கள். அந்த மனிதர்களை அழைத்துவந்து, நலம் விசாரித்து, ஆண்டுக்கணக்கில் தொடர்பில் வைத்திருந்தவர் யூனிஸ் ரிவர்ஸ் என்ற கறுப்பினச் செவிலி. அவர்மீது அவர்கள் வைத்திருந்த அன்பே அந்த ஆய்வைத் தாங்கிய தூண். 1972இல் செய்தித்தாள்கள் வெளிப்படுத்திய பின்னரே அது நின்றது; அரசின் மன்னிப்பு 1997இல்தான் வந்தது. உங்கள் ஊருக்கும் ஆய்வுகளோடு ஆட்கள் வருவார்கள். உங்கள் சொல்லுக்காக மக்கள் கையெழுத்திடுவார்கள். மறுத்தாலும் இதே சிகிச்சை உங்களுக்கு உண்டு என்பதை அவர்கள் புரிந்துகொண்டார்களா, ஆய்வு முடிந்தபின் அதன் பயன் இந்த ஊருக்கு வருமா என்ற இரண்டையும் உறுதி செய்யாமல் உங்கள் முகத்தைக் கடன் கொடுக்காதீர்கள்.

சிறியவை சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நன்றிக்காகக் கொண்டுவரும் சிறு பொருள்களை வாங்கிக்கொள்ளலாம். கொண்டுவராதவர் வரிசையில் பின்னால் தள்ளப்படவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும்படி நடந்துகொண்டால் போதும். முறையான படிப்பில்லாமல் வைத்தியம் பார்ப்பவர்களை நோயாளிமுன் இகழாதீர்கள். இகழ்ந்தால் அங்கே என்ன மருந்து எடுத்தார் என்பதை உங்களிடம் மறைப்பார். ஊசி போட்டால்தான் குணமாகும் என்று கேட்பவருக்குத் தேவையற்ற ஊசியைப் போடாதீர்கள். ஒருமுறை போட்டால் அடுத்த பத்து ஆண்டுகளுக்கு அந்த ஊருக்கு நீங்கள் தவறாகக் கற்பித்தவராவீர்கள். திறமை குறைந்த உடன்பணியாளரைப் பற்றிப் புகார் சொன்னால் நிலையமே மூடப்படுமோ என்ற அச்சம் உண்மையானது. அவர் செய்யக்கூடாதவற்றை மட்டும் எழுத்தில் வரையறுத்து, மேலதிகாரியின் ஒப்புதலோடு நிறுத்திவைப்பது முதற்படி. அதையும் அவர் மீறினால், யாரும் இல்லாதிருப்பதைவிட இவர் மேல் என்ற வாதத்தை நான் ஏற்க மாட்டேன்.

மருத்துவரின் உடலும் மனமும் இதில் ஒரு தரப்பு. உலக மருத்துவச் சங்கம் 1948இல் ஏற்ற ஜெனீவா உறுதிமொழியில், 2017ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான், உயர்ந்த தரத்தில் சிகிச்சை அளிக்கும்பொருட்டு என் உடல்நலத்தையும் பேணுவேன் என்ற வாசகம் சேர்க்கப்பட்டது. இரவு பகலாகக் கதவு தட்டப்படும் ஊரில் இதை எப்படிக் கடைப்பிடிப்பது? அவசரம் எது, காலைவரை காத்திருக்கக்கூடியது எது என்று பிரித்துப் பார்க்கச் செவிலியருக்குக் கற்றுக்கொடுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத நாள்களை முன்கூட்டியே வாசலில் எழுதிப்போடுங்கள். மெக்சிகோ 1936 முதலும் தென்னாப்பிரிக்கா 1998 முதலும் இளம் மருத்துவர்களைக் கட்டாயச் சேவைக்கு அனுப்பிவருகின்றன. வேறு பல நாடுகளும் அப்படியே. ஆள் பற்றாக்குறைக்கு அது ஓரளவு விடைதான். எனினும் அனுபவம் மிகக் குறைந்தவரை, மேற்பார்வை மிகக் குறைந்த இடத்துக்குத் தனியே அனுப்பிவிட்டு, அவர் கற்றுக்கொள்வதற்கான விலையை அந்த ஊர் மக்கள் கொடுக்கும்படி விடுவதை நியாயம் என்று சொல்ல முடியாது. ஆகவே போகுமுன்பே, எந்த நேரமும் அழைக்கலாம் என்று ஒப்புக்கொண்ட இரண்டு மூத்த மருத்துவர்களைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள். தெரியாததைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். யாரைக் கேட்டீர்கள் என்பதை நோயாளியிடமும் சொல்லுங்கள்.

கடைசியாக, நீங்கள் ஒருநாள் அந்த ஊரைவிட்டுப் போவீர்கள். இதைப் பற்றி யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. திடீரென்று போகும் மருத்துவரால் நீரிழிவு, வலிப்பு, மனநலச் சிகிச்சையில் இருப்பவர்கள்தான் முதலில் அறுபட்டுப் போகிறார்கள். மூன்று மாதங்களுக்கு முன்பே சொல்லுங்கள். தொடர் சிகிச்சையில் இருக்கும் ஒவ்வொருவரையும் அழைத்து, தங்களைப் பற்றி அடுத்து வருபவரிடம் எதைச் சொல்லலாம், எதைச் சொல்ல வேண்டாம் என்று கேளுங்கள். பலர் எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள், மறுபடி முதலிலிருந்து சொல்ல முடியாது என்பார்கள். சிலர் ஒரு செய்தியை மட்டும் உங்களோடு கொண்டுபோகச் சொல்வார்கள்; சிகிச்சைக்கோ பிறர் பாதுகாப்புக்கோ அது இன்றியமையாதது என்றால் காரணம் சொல்லி அவரை இசைய வையுங்கள், அப்படி இல்லையென்றால் எழுதாமல் விடுங்கள். அட்ரினலின் எந்த அலமாரியில் இருக்கிறது, மழைக்காலத்தில் எந்த வழியில் வண்டி போகும், நள்ளிரவிலும் எடுக்கும் தொலைபேசி எண் யாருடையது என்பவற்றையும் அதே கோப்பில் சேர்த்து, வருபவர் கையில் நேரில் கொடுங்கள்; முடிந்தால் ஒரு வாரம் இருவரும் சேர்ந்தே அங்கே நோயாளிகளைப் பாருங்கள்.